ஒன்பதரைப் பாகை

1

"சாமி ஏன்பா கோணலா நிக்குது?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. கேட்டவளுக்கு நான்கு வயதிருக்கும். கெடாவில், பீடோங்கிற்கு வெளியே ஒரு தோட்டத்துக் கோயிலில், வெள்ளிக்கிழமை பூசையில், அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பதறிப்போய் அவள் காலைக் கிள்ளினார். "சாமிய அப்படிலாம் சொல்லக்கூடாது." பூசாரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடங்களாக அந்த வாசலில் நின்று கும்பிடுகிறேன். முன்மண்டபத் தூண்களுக்கும் கருவறை வாசலுக்கும் இடையே ஒரு சின்னக் கோணல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தோள்மேல் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் முதலிலேயே தெரிந்துவிடுகின்றன.

கோயில் ஏன் கோணல் என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் "கட்டுனவன் அப்படிக் கட்டிட்டான்" என்று பதில் வந்திருக்கும். கதை அங்கேயே முடிந்திருக்கும். அதனால் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இதற்குமேல் வருவதெல்லாம் கற்பனை. கேள்வி மட்டும் நிஜம்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே—"

நிறுத்திவிட்டேன். 'ஒரு காலத்தில்' என்று எழுதியதுமே பேனா பெருமூச்சு விடத் தொடங்கிவிடுகிறது. இந்தக் கோயில் இன்றும் இருக்கிறது, நாளையும் இருக்கப்போகிறது. எந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கப்போகிறது என்பதுதான் நம் கவலை.

இரண்டாவது வரைவு:

"காஞ்சனா மடிக்கணினியைத் திறந்தாள். உலகம் உருண்டையாக வந்து நின்றது."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

காஞ்சனா மடிக்கணினியைத் திறந்தாள். உலகம் உருண்டையாக வந்து நின்றது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. சுங்கைப் பட்டாணியில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. பிறந்தது அந்த மாரியம்மன் கோயில் இருக்கும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அப்பா அய்யாவு அங்கே டிராக்டர் ஓட்டியவர். இறந்து ஆறு வருடமாகிறது. கோயிலை அடித்தளம்வரை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், படத்தைச் சும்மா போட்டுத் தருகிறேன் என்று அவளாகவே போய்ச் சொன்னாள்.

வெறும் படம் அல்ல. கோயிலையும் எதிரே உள்ள லயத்து வீடுகளையும் கணினிக்குள் முப்பரிமாண மாதிரிகளாகக் கட்டி, நிஜ உலக வரைபடத்தின்மேல், நிஜ இடத்தில் வைப்பது. லூனாஸுக்கும் பினாங்குக்கும் குடிபோனவர்கள் கைப்பேசியிலேயே புதுக்கோயிலைச் சுற்றிப் பார்க்கலாம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அவள் திரையில் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வைக்கிறாளோ, அந்த எண்களைக் கொண்டுதான் குத்தகைக்காரர் தரையில் ஆப்பு அடிப்பார். அவள் தட்டுவது கல்லாக நிற்கும்.

நான்கு எண்கள் போதும். வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் பார்க்கிறது. இந்த நான்கையும் சொல்லிவிட்டால் இத்தனை பெரிய பூமியில் அந்தக் கட்டடத்துக்கு வேறு இடமே கிடையாது.*

* பூசையில் குருக்கள் சங்கல்பம் சொல்லும்போது பெரிய தீவில் தொடங்கி, தேசம், ஊர் என்று சுருங்கிச் சுருங்கி வந்து கடைசியில் நம் பெயரில், நம் நட்சத்திரத்தில் நிறுத்துவார். இத்தனை பெரிய பிரபஞ்சத்தில் நான் இன்ன இடத்தில் நிற்கிறேன், என்னைப் பார் என்று விண்ணப்பிப்பது. காஞ்சனா சுட்டியின் சக்கரத்தை உருட்ட உருட்ட, கடல் போய், தீபகற்பம் போய், கெடா வந்து, ஜெராய் மலை ஒரு பக்கம் ஒதுங்கி, செம்பனைகளுக்கு நடுவே ஒரு தகரக்கூரை தெரிந்ததே, அதுவும் எனக்குச் சங்கல்பமாகத்தான் தோன்றியது. ஒரு கதையில் இப்படி நின்று வியக்கக்கூடாது என்பார்கள். வியப்பு வந்தால் நான் என்ன செய்ய?

4

முதல் முறை கோயில் பறந்தது.

ஞாயிறு காலை, நிர்வாகக் கூட்டத்தில், எல்லாரும் பார்க்க மாதிரியைத் திறந்தாள். மாரியம்மன் கோயில் தரையிலிருந்து பன்னிரண்டு மீட்டர் மேலே, செம்பனைகளின் தலைக்கு மேல், அமைதியாக மிதந்துகொண்டிருந்தது.

"பாப்பா, நமக்குக் கும்பாபிசேகம் வேணாம் போல. விமான நெலயம் கட்டிரலாம் லா," என்றார் காளிதாசன். அவர்தான் கோயில் தலைவர். பீடோங்கில் டயர் கடை வைத்திருக்கிறார். குரல் பெரிது, மனசும் பெரிது.

"உயரம் தப்பாப் போட்டுட்டேண்ணே," என்றாள். அவள் கடல்மட்டத்திலிருந்து எண்ணிய உயரத்தைக் கொடுத்திருந்தாள். வரைபடமோ பூமியை வழுவழுப்பான முட்டை மாதிரி வைத்துக்கொண்டு அதன் ஓட்டிலிருந்து எண்ணுகிறது. இரண்டுக்கும் இந்தப் பக்கத்தில் பன்னிரண்டு மீட்டர் வித்தியாசம். எண்ணை மாற்றினாள். கோயில் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது. யாரோ பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இறங்கிய பிறகுதான் அது தெரிந்தது. மாதிரிக்குக் கீழே, செயற்கைக்கோள் படத்தில் இருந்த பழைய கூரையின் ஒரு மூலை, சரியாக மூடப்படாத போர்வையின் முனைபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மன் கோயில் கிழக்கே பார்க்கவேண்டும் என்று எண்ணி, காஞ்சனா நேர் கிழக்குக்கு வைத்திருந்தாள். பழைய கோயிலோ கிழக்கிலிருந்து வடக்கே ஒன்பதரைப் பாகை திரும்பியிருந்தது. நம்மில் யார் வரைந்திருந்தாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்போம். கோயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நாம் அளப்பதில்லை; அது நமக்கு ஏற்கெனவே தெரியும்.

"பாத்தியா, பழைய ஆளுங்க கயிறு தப்பாப் புடிச்சிருக்காங்க," என்றார் காளிதாசன். "இந்தத் தடவ நேரா வெச்சிரு. இவ்ளோ செலவு பண்ணி அம்மாவ மறுபடியும் கோணலா நிக்கவெக்கக் கூடாது."

பிறகு திரையில் விரலை வைத்து, கோயிலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, லயத்து வீடுகளுக்கு முன்னால் தொட்டார். "நாற்காலி, அண்டா குண்டா வெக்க ஒரு கொட்டாய். இங்க எங்கயாச்சும் போட்டுரு. எங்க போட்டாலும் எனக்கு ஓகே."

அவள் விரல் பட்ட இடத்திலேயே ஒரு சின்னக் கொட்டகையை வைத்தாள்.

(வாசகரே, இந்தக் கொட்டகையை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன். நான்காவது வரைவில்தான் திரும்பப் பார்த்தேன்.)

5

மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். நேர் கோணத்தை உறுதிசெய்யுமுன், கோயிலைப் பழைய கோணத்துக்குத் திருப்பி, கொட்டகை இல்லாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள் காஞ்சனா. அவள் வேலைப் பழக்கம் அது. எதையும் அழிக்குமுன் ஒன்றைப் பத்திரப்படுத்துவாள். அந்த மென்பொருளில் கட்டடத்துக்குள் போய் நின்று பார்க்கலாம். கருவறையில் சிலை இருக்கும் இடத்தில், சிலையின் கண் உயரத்தில், பார்வையை வைத்தாள்.

அம்மன் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

[இந்த இடத்தில் "அவளுக்கு மெய்சிலிர்த்தது" என்று எழுதி அடித்துவிட்டேன். அது அவளுடைய சிலிர்ப்பு அல்ல, என்னுடையது. அவளுக்கு முதலில் வந்தது பயம்.]

வாசல். வாசலுக்கு அப்பால் திடல். திடலுக்கு அப்பால் லயம். வாசலின் நடுவில், ஊசித் துளைக்குள் நூல் போவதுபோல, ஒரே ஒரு சன்னல். ஒன்பதாம் நம்பர் வீட்டின் சன்னல்.

நூற்றிருபது மீட்டருக்கு அப்பால் மூன்றடி அகலச் சன்னல். தற்செயலாக நடக்கக்கூடியதல்ல என்று அவள் தொழில் சொன்னது. நேராக்கிய கோயிலுக்குள் போய் நின்று பார்த்தாள். அம்மனுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி.

ஒன்பதாம் நம்பரில் யார் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். புஷ்பவள்ளி. காஞ்சனா பிறப்பதற்குமுன், இந்தக் கோயிலுக்கு மணல் ஏற்றிவந்த டிராக்டர் மழையில் சரிந்ததில் இடுப்பு உடைந்தவர். அன்றிலிருந்து கட்டிலும் சன்னலும்தான் அவருக்கு உலகம். டிராக்டரை ஓட்டியவர் அய்யாவு.

6

இங்கே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தேன். அய்யாவு எழுதி வைத்தது, அலமாரியின் அடியில் கிடைத்தது. கதைகளில் அலமாரிகள் இதற்காகவே இருக்கின்றன. எடுத்துவிட்டேன். அய்யாவு எழுதுகிற ஆள் இல்லை. உயிரோடு இருப்பவரிடமே போய்க் கேட்கட்டும்.

"யாரு, அய்யாவு மவளா? கதவு தொறந்துதான் கெடக்கு, தள்ளு. நான் எந்திரிச்சி வந்து தொறக்கறதுக்குள்ள தைப்பூசமே வந்துரும்."

"சன்னல ஒருவாட்டி அளக்கணும் அத்தே. படத்துக்கு."

"அளந்து? கல்யாணம் பண்ணி வெக்கப்போறியா அதுக்கு?"

காஞ்சனா சிரித்துக்கொண்டே அளவுநாடாவை நீட்டினாள். கட்டிலின் தலைமாட்டிலிருந்து பார்த்தால் கருவறை விளக்கு நேராகத் தெரிந்தது. பகலிலும் ஒரு மஞ்சள் புள்ளி.

"நேத்து அந்தப் பூசாரி சூடத்த ரெண்டு சுத்துலயே எறக்கிட்டான்," என்றார் புஷ்பவள்ளி. "டம்ளர எடுத்துச் சன்னல் கம்பியில தட்டுனேன். மூணாவது சுத்துச் சுத்துனான்."

"அவ்ளோ தூரம் கேக்குமா அத்தே?"

"கேக்காது. ஆனா திரும்பிப் பாப்பான் லா. கெழவி பாக்குறான்னு அவனுக்குத் தெரியும்." சன்னலுக்கு வெளியே பார்த்தார். "புதுக் கோயில நேரா வெக்கப்போறாங்களாமே. நல்லதுதான். பாவம், அம்மாவும் எனக்காக எவ்ளோ நாளுதான் கழுத்தத் திருப்பிக்கிட்டே நிப்பா?"

அளவுநாடா சர்ரென்று சுருண்டுகொண்டது.

"உங்களுக்காகன்னா?"

"ஒனக்குத் தெரியாதா? உங்கப்பன் சொல்லலியா?" சிரித்தார். "எங்க சொல்லுவான்."

"மழையில டிராக்டர் சரிஞ்சிருச்சின்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

"மழதான். மழ பாதி, உங்கப்பன் அன்னிக்குக் குடிச்ச சம்சு பாதி."

காஞ்சனா தன் அப்பா குடித்துப் பார்த்ததே இல்லை. கோயில் திருவிழாவில், கல்யாணத்தில், யார் ஊற்றிக் கொடுத்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தாள்.

"ஆபீசு கிராணி வந்து விசாரிச்சாரு. ஓடுற வண்டியில இருந்து நானாத்தான் குதிச்சேன்னு சொல்லிட்டேன். உங்கம்மா வயித்துல உங்கண்ணன் ஏழு மாசம். வேல போனா லயத்து வீடும் போவும். என் இடுப்புதான் போயிருச்சி, கூடவே ஒரு குடும்பமும் எதுக்குப் போவணும்?"

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது.

"அப்பறம் கோயிலுக்குக் கயிறு புடிச்சாங்க. கெழக்கு மொன உங்கப்பன் கையில. பகல் சோத்துக்கு எல்லாரும் போயிட்டாங்க, அவன் மட்டும் போகல. ஆப்பப் புடுங்கினான். இந்தச் சன்னலப் பாத்தான். தள்ளி அடிச்சான். நான் பாத்துட்டேன்னு அவனுக்கும் தெரியும். அவனும் சொல்லல, நானும் கேக்கல."

காஞ்சனா அளவுநாடாவைப் பைக்குள் வைத்தாள்.

"நீ யார்கிட்டயும் சொல்லாத," என்றார் புஷ்பவள்ளி. "செத்தவன் பேரு கெடக்கூடாது. அதோட, ஒரு நொண்டிக்காக ஊர்க் கோயிலயே கோணலாக் கட்டுனாங்கன்னு தெரிஞ்சா எனக்கு மானம் போயிரும். நேராவே வெச்சிருங்க. கண்ண மூடுனா எனக்கு அம்மா தெரிவா."

"சொல்ல மாட்டேன் அத்தே," என்றாள் காஞ்சனா. நேராகவே வைக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

7

இனி என் பாடு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கோணத்தை முடிவு செய்துவிடுவார்கள். காஞ்சனா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால், அந்தச் சன்னலிலிருந்து விளக்கு போய்விடும். விளக்கைக் காப்பாற்ற வாயைத் திறந்தால், வாக்கு போய்விடும். கைவசம் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) அவள் எல்லாவற்றையும் கூட்டத்தில் சொல்லிவிடுகிறாள். காளிதாசன் அழுகிறார். எல்லாரும் எழுந்து ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குப் போகிறார்கள்— இதை எழுதும்போது நானும் அழுதேன். ஆனால் அத்தனை பேர் வாசலில் வந்து நிற்கும்போது புஷ்பவள்ளியின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அடித்துவிட்டேன்.

(ஆ) நில அளவைக் காரணம் ஏதோ ஒன்றைக் கூறி அவர்களை நம்பவைக்கிறாள். பொய். நல்ல காரியத்துக்காக ஒரு பொய் என்பார்கள். அம்மன் வாசலின் திசையைப் பொய்யில் நட எனக்குக் கை வரவில்லை. அவளுக்கும் வராது.

(இ) காளிதாசன் கனவில் அம்மன் வந்து

இல்லை.

மூன்று வாரம் இந்தக் கதையைத் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு வழி நான் தேடாத இடத்திலிருந்து வந்தது. காளிதாசன்தான் கொண்டுவந்தார், தனக்கே தெரியாமல்.

8

வியாழக்கிழமை அவர் அவளைக் கைப்பேசியில் அழைத்தார்.

"பாப்பா, அந்தப் படத்துல வெயில் எங்க விழும்னு காட்டுமாமே? சித்திர ஒண்ணாந்தேதி காலப் பூசைக்குப் பந்தல் எந்தப் பக்கம் போடணும்னு பாத்துச் சொல்லேன். போன வருசம் எல்லாருக்கும் மண்ட காஞ்சிருச்சி."

காட்டும். கட்டடம் பூமியில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், எந்த நாளில் எந்த நேரத்தில் வெயில் எப்படி விழும் என்று மென்பொருளே சொல்லிவிடும். காஞ்சனா ஏப்ரல் பதினான்கு என்று கொடுத்தாள். காலை ஏழே கால். தற்செயலாகத் திறந்திருந்தது பழைய கோணத்துப் பிரதி.

நேரத்தை மெல்ல நகர்த்தினாள். லயத்துக் கூரைகளுக்குப் பின்னால், செம்பனைகளின் தலையில், சூரியன் ஏறியது. திடலில் நிழல்கள் நீண்டு, கோயிலை நோக்கி ஓடிவந்தன. ஏழு நாற்பதுக்கு வெளிச்சம் வாசலைத் தாண்டியது. இடதுபக்கம் சாயவில்லை, வலதுபக்கம் சாயவில்லை. நேராக உள்ளே போய், அம்மன் நிற்கும் இடத்தில் நின்றது.

நேராக்கிய பிரதியைத் திறந்து அதே நாளை வைத்தாள். வெளிச்சம் வாசலின் ஒரு பக்கச் சுவரில் மோதிக் கிடந்தது.

சூரியன் வருடம் முழுக்க நேர் கிழக்கில் உதிப்பதில்லை. சித்திரை பிறக்கிற நாளில் கெடாவில் அது கிழக்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒன்பதரைப் பாகையில் எழுகிறது.

 இது கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒன்பதரை என்ற எண்ணை நான் முதலில் சும்மாதான் எழுதினேன். சூரியன் கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். விடை வந்ததும் தாளை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கைகால் கழுவி விளக்கேற்றினேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அய்யாவுவுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வழியே இல்லை. அவர் ஒரு சன்னலைப் பார்த்து ஆப்பு அடித்தார், அவ்வளவுதான். ஒரு மனிதன் கூச்சத்தோடு, யாருக்கும் சொல்லாமல், ஒரு சின்ன நல்லது செய்துவிட்டுப் போகிறான். அது எத்தனை பெரிய ஒழுங்கோடு பொருந்தி நிற்கிறது என்பது அவனுக்கே தெரிவதில்லை. எனக்கு இருக்கும் பக்தி இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சனா பேசவில்லை. இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினாள். அவ்வளவுதான்.

காளிதாசன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொருவாட்டி ஓட்டு," என்றார். ஓட்டினாள். வெளிச்சம் மறுபடியும் உள்ளே போனது.

"வருசப் பொறப்பன்னிக்கு…" அவர் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது. "நாமதான் லா முட்டாளுங்க. பழைய ஆளுங்களக் கோணல்னு சொல்லிட்டேனே. பாப்பா, இம்மி நகத்தாத. அப்படியே வெச்சிரு." பிறகு, "யார் கயிறு புடிச்சாங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

காஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள். வேறு யாருக்கும் தெரியவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை. முழுவதையும் சொல்லவுமில்லை. இது சரியா என்று என்னைக் கேட்டால், சரி என்றுதான் தோன்றுகிறது. உண்மையில் ஒரு பாதி ஊருக்குச் சேரவேண்டியது, கொடுத்தாள். மறுபாதி ஒரு கட்டிலுக்கும் ஒரு சமாதிக்கும் சொந்தம்.

9

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் மூன்றாவது வரைவில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு கொட்டகை நினைவுக்கு வந்தது.

படத்தில் அது இன்னும் அங்கேயே இருக்கிறது. காளிதாசனின் விரல் பட்ட இடத்தில், ஒன்பதாம் நம்பர் சன்னலுக்கு முன்னால். தகரக் கூரை, பத்தடி உயரம். சூரியன் அதன் தலைக்கு மேலே வந்துவிடும்; புதுவருடப் பூசைக்கு ஒரு குறையும் இல்லை. கட்டிலில் கிடப்பவருக்குத்தான் தகரச் சுவர் தெரியும். சூரியன் கோணத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. கொட்டகையை நகர்த்த அது வராது.

தெற்கே ஐந்து மீட்டர் தள்ளினால் போதும். அங்கே பத்தாம் நம்பர், பூட்டிக் கிடக்கிற வீடு. எங்கே போட்டாலும் சரி என்று தலைவரே சொல்லியிருக்கிறார். யாரிடமும் காரணம் சொல்லவேண்டியதில்லை. யாரும் பார்க்கப்போவதும் இல்லை.

திங்கட்கிழமை, மதியம். அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். காஞ்சனா மட்டும் போகவில்லை. திரையில் திடல், லயம், கொட்டகை. சுட்டியின்மேல் கையை வைக்கிறாள்.

அவள் அப்பா ஆப்பைப் பிடுங்கியபோது ஒரு சன்னல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கடன் ஒரு சாட்சியோடு தீர்ந்தது. இவளுக்கு யாரும் இல்லை, நாம் இரண்டு பேரைத் தவிர. நான் எழுதினால் நான் சாட்சி. நீங்கள் படித்தால் நீங்களும் சாட்சி.

இதை அவள் சாட்சி இல்லாமலே செய்யட்டும். அதனால் இந்த இடத்தில் நான் பேனாவை மூடுகிறேன். கொட்டகை எங்கே இருக்கிறது, எங்கே காலியிடம் இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். காஞ்சனாவையும் தெரியும். வாருங்கள், சத்தமில்லாமல் வெளியே போய்விடுவோம். கதவை நீங்களே சாத்திவிடுங்கள்.